எட்டணாவைத் தாண்டினால் போன்

அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போகும் நாளில் வீட்டுக்குக் கல்யாணக் களை வந்துவிடும். சலவை வேட்டி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மீசைக்கு மை. முப்பத்தோரு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர், நாலு பேர் முன்னால் கசங்கிய சட்டையோடு நிற்க மாட்டார். மதுரையில் மூன்று மணி நேரம் பெஞ்சில் காத்திருப்போம். உள்ளே போனதும் டாக்டர் ஃபைலைப் புரட்டிக்கொண்டே கேட்பார், "எப்படி இருக்கீங்க?" அப்பா முதுகை நிமிர்த்திக்கொண்டு சொல்வார், "நல்லா இருக்கேன் சார்." அவ்வளவுதான். அடுத்த மாதத்துக்கு மாத்திரையை எழுதி வாங்கிக்கொண்டு சாத்தூருக்குப் பஸ் ஏறிவிடுவோம்.

டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். வெளியே அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மீசைக்கு மை பூசி வந்த ஒருவர் நல்லா இருக்கேன் என்றால், நானாக இருந்தாலும் அடுத்த ஆளைத்தான் கூப்பிட்டிருப்பேன்.

2022 மார்ச்சில்தான் நோய் தெரிந்தது. நுரையீரல் புற்றுநோய், நான்காம் நிலை. மூன்று மாதமாக இருமல், ஏழு கிலோ எடை குறைவு. முதலில் டிபியாக இருக்குமோ என்று சளியைப் பரிசோதித்தார்கள், அதில் ஒன்றும் இல்லை. அப்புறம் சிடி ஸ்கேன், திசுவை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி. பீடி சிகரெட் கையால் தொடாத மனிதர். "குடிக்காத மனுஷனுக்கு இது எப்படி?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. புகை பிடிக்காதவர்களுக்கும் இது வரும். அப்படி வருகிறவர்களிடம் இஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருக்க வாய்ப்பு கூடுதல் என்று சொல்லி, திசுவை அந்தச் சோதனைக்கும் அனுப்பினார்கள். மாற்றம் இருந்தது. அதனால் கீமோவுக்குப் பதிலாக, அந்த மாற்றத்தைக் குறிவைக்கும் ஜெஃபிட்டினிப் 250 மில்லிகிராம், தினம் ஒரு மாத்திரை. அன்றைக்கு எங்களுக்கு லாட்டரி அடித்த மாதிரி இருந்தது.

அப்பாவிடம் மட்டும் நோயின் பெயரைச் சொல்லவில்லை. "நெஞ்சுல சளி கட்டியிருக்கு, நாள்பட மாத்திரை சாப்பிடணும்" என்று நானும் தம்பியும் பேசி வைத்துக்கொண்டோம். அந்தப் பொய் என்ன வேலை பார்த்தது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

ஜூலையில் ஒரு நாள் பீரோவைத் துடைக்கும்போது, வேட்டிகளுக்கு அடியில் மாத்திரை அட்டை இருப்பதை அம்மா பார்த்தார். அந்த மாதக் கணக்குக்கு எல்லாம் தீர்ந்திருக்க வேண்டும். பதினொன்று மிச்சம் இருந்தது. கேட்டதற்கு அப்பாவுக்குக் கோபம்தான் வந்தது. அரை நாள் கழித்து அவராகவே சொன்னார். மாத்திரை போட்டால் ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை வயிற்றால் போகிறதாம். "பஸ்ல போறப்ப வந்துட்டா என்ன தாயி செய்வேன்?" ஆயுசு முழுக்க பஸ்ஸில் வாழ்ந்தவருக்கு அதுதான் பெரிய பயம். அதனால் மதுரைக்குப் போகும் வாரம், விசேஷ வீட்டுக்குப் போகும் நாள், சும்மா மனசு சரியில்லாத நாள் எல்லாம் மாத்திரைக்கு விடுமுறை.

இன்னொன்றும் வெளியே வந்தது. வயிறு கெட்டுப்போனதற்கு அவரே வைத்தியம் பார்த்து, முக்குக்கடை மெடிக்கலில் கேஸ் மாத்திரை வாங்கி இரண்டு மாதமாகப் போட்டுக்கொண்டிருந்தார். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகள், ஜெஃபிட்டினிப் உடம்பில் சேர்வதையும் குறைத்துவிடும். இது எங்கள் யாருக்கும் தெரியாது. முகத்திலும் மார்பிலும் பரு மாதிரி கிளம்பியிருந்ததை மட்டும் எல்லோரும் பார்த்தோம். வெயில் சூடு என்று நினைத்து நுங்கு வாங்கிக் கொடுத்தோம்.

வயிற்றுப்போக்கும் பருவும் இந்த மாத்திரைக்கு வழக்கமாக வருகிற பக்கவிளைவுகள். இரண்டுக்கும் மருந்து உண்டு. தேவைப்பட்டால் டாக்டரே சில நாள் நிறுத்தச் சொல்லி மறுபடி ஆரம்பிப்பார். ஆனால் அவருக்குத் தெரிய வேண்டுமே! வழக்கத்தைவிட நாலு தடவை கூடுதலாகப் போனால் மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும், ஏழு தடவை கூடினால் அன்றைக்கே போக வேண்டும் என்பதைப் பிறகு எங்களுக்குச் சொன்னார்கள். "லூஸ் மோஷன் இருக்கு" என்பதைவிட "நேத்து ஆறு தடவை" என்பதுதான் டாக்டருக்கு உதவும்.

இதையெல்லாம் அடுத்த முறை நானே டாக்டரிடம் சொன்னேன். அவர் எங்களை வலி நிவாரண, ஆதரவு சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு சீட்டு எழுதி அனுப்பினார். பலகையைப் படித்ததும் எனக்குக் கால் ஓடவில்லை. கைவிட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அங்கே இருந்த டாக்டரம்மா முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். அமெரிக்காவில் பாஸ்டனில் இதே நோய் முற்றியவர்கள் 151 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்துப் பார்த்த ஆய்வைப் பற்றிச் சொன்னார். 2010இல் வெளிவந்தது அது. ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இன்னொரு பிரிவுக்கு அதோடு சேர்த்து ஆரம்பத்திலிருந்தே ஆதரவு சிகிச்சை. இரண்டாவது பிரிவினருக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது. இடைநிலைக் கணக்கில், அதாவது பாதிப் பேர் அதைத் தாண்டிய கணக்கில், 11.6 மாதம் உயிரோடு இருந்தார்கள், மற்றவர்கள் 8.9 மாதம். "அந்த மருந்தை நிறுத்தச் சொல்லலைம்மா. அதோட சேர்த்து இதுவும்" என்றார். அந்த எண் கூட்டத்துக்கான கணக்கு, தனி ஆளுக்கு அளந்து கொடுப்பதல்ல என்பது எனக்கும் புரிந்தது. இருந்தாலும் ஓடாத கால் ஓடத் தொடங்கியது.

உள்ளே ஒரு சிஸ்டர் அப்பாவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு தாளை எடுத்தார். எப்படி இருக்கீங்க என்று அவர் கேட்கவே இல்லை. வலி எவ்வளவு, அசதி எவ்வளவு, தூக்கக் கலக்கம், குமட்டல், பசி, மூச்சு வாங்குவது, மனச்சோர்வு, பதற்றம், மொத்தத்தில் உடம்பும் மனசும் எப்படி. ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து பத்து வரைக்கும் ஒரு எண். 1991இல் கனடாவின் எட்மன்டன் நகரத்தில் எட்வர்டோ புரூவேரா என்ற டாக்டரும் அவரோடு இருந்தவர்களும் உருவாக்கிய படிவமாம் அது, இன்றைக்கு உலகம் முழுக்கப் புழங்குகிறது. அதில் 4 வந்தால் கவனிக்க வேண்டும், 7 வந்தால் உடனே ஏதாவது செய்ய வேண்டும் என்பது பொதுவான வழக்கம்.

அப்பாவுக்கு அந்த எண்கள் ஒட்டவில்லை. "பூஜ்யத்துக்கும் பத்துக்கும் நடுவுல நீங்களே எதையாச்சும் போட்டுக்கோங்க சிஸ்டர்" என்றார். எனக்குச் சட்டென்று தோன்றியது: சில்லறையிலேயே வாழ்ந்த மனிதர் அல்லவா? "அப்பா, தாங்கவே முடியாத வலி ஒரு ரூபா, பதினாறணான்னு வச்சுக்கோங்க. இப்ப எத்தனை அணா?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "ஆறணா இருக்கும். ராத்திரி பத்தணா ஆகுது." மூச்சு? "படி ஏறினா எட்டணா." அசதி? "அது முக்கா ரூபா." மாதக்கணக்கில் "நல்லா இருக்கேன்" என்ற வாய் அது. சிஸ்டர் என்னைப் பார்த்தார், நான் அம்மாவைப் பார்த்தேன், அம்மா தரையைப் பார்த்தார்.

அன்றைக்கு எங்கள் வீட்டுக்கென்று ஒரு விதி போட்டுக்கொடுத்தார் சிஸ்டர். எது எட்டணாவைத் தாண்டினாலும் அன்றைக்கே போன். எட்டணாவைத் தாண்டாவிட்டாலும், இரண்டு நாளுக்குள் நாலணா ஏறினால் அப்போதும் போன். எண்ணைவிட அது ஏறுகிற வேகம் முக்கியம் என்றார். ஒரு போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தார். ராத்திரியானாலும் கூப்பிடலாம் என்று அதற்கு அடியில் கோடு போட்டார்.

எழுதி வைப்பதற்கு நான் ஒரு டைரி வாங்கினேன். நாலு நாள்கூட ஓடவில்லை. அம்மாதான் வழி கண்டுபிடித்தார். தினசரி காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதுவது. எழுதிய தாளைக் கடையில் பில் குத்தி வைப்பார்களே, அந்த மாதிரி ஒரு கம்பியில் குத்தி அடுப்படி ஜன்னலில் மாட்டிவிடுவது. அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் எழுத வரும். 'வ' என்றால் வலி, 'மூ' என்றால் மூச்சு, 'சோ' என்றால் சோறு எவ்வளவு இறங்கியது. பக்கத்தில் அணா. டாக்டரிடம் போகும் நாளில் கம்பியோடு கழற்றிப் பையில் போட்டுக்கொள்வோம். புது டாக்டர் ஒருவர் முதலில் சிரித்தார், அப்புறம் ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தார்.

யார் கேட்கிறார்கள் என்பதும் ஒரு விஷயம். நான் போனில் கேட்டால் எல்லாமே நாலணாவுக்குக் கீழேதான். அம்மா ராத்திரி கால் பிடித்துவிடும்போது கேட்டால் உண்மை வரும். அதனால் கேட்பது அம்மா வேலை என்று விட்டுவிட்டேன். சில நாள் வம்புக்கு, "நாலணாதான். அதைத்தான் 2011லயே செல்லாதுன்னுட்டானே, அதைப் போய் எதுக்கு எழுதுற?" என்பாராம். அதையும் அம்மா எழுதி வைத்திருக்கிறார்: 'வ 4, கிண்டல்'.

ஒரு வரி மட்டும் தினமும் காலியாகவே இருந்தது. மனசு. அம்மா அதைக் கேட்கவே மாட்டார். கேட்டால் இல்லாததை இழுத்துவிட்ட மாதிரி ஆகிவிடும் என்று பயம். நானும் கேட்கவில்லை. இரண்டாவது முறை போனபோது சிஸ்டர் தாள்களைப் பார்த்துவிட்டு, எங்களை வெளியே உட்காரச் சொல்லி அப்பாவிடம் தனியாகப் பேசினார். இருபது நிமிஷம் இருக்கும். வெளியே வந்து என்னிடம் கேட்டார், "வீட்டுல அப்பா தட்டு, டம்ளர் தனியா வச்சிருக்காரா?"

வைத்திருந்தார். ஆறு மாதமாகத் தனித் தட்டு, தனி டம்ளர், தனித் துண்டு. என் மகனுக்கு அப்போது ஆறு வயது. மடியில் ஏற வந்தால், "தாத்தாவுக்கு வேர்க்குதுடா, தள்ளிப் போ" என்பார். உடம்பு முடியாததால் வந்த எரிச்சல் என்று நாங்கள் நினைத்தோம். அவரோ தனக்கு டிபி என்று முடிவு செய்து வைத்திருந்தார். முதலில் சளி பரிசோதனை செய்தபோது காதில் விழுந்த சொல் அது. நாங்கள் சொன்ன 'சளிக்கட்டி'யும் அதோடு பொருந்திப்போனது. பேரனுக்கு ஒட்டிவிடும் என்று, ஆறு மாதமாகப் பிள்ளையைத் தொடாமல் இருந்திருக்கிறார். நோயை மறைத்தால் மனசு தாங்கும் என்று நாங்கள் போட்ட கணக்குக்கு வந்த விடை அது. இதை எழுதும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அன்று மதியமே டாக்டரம்மா அப்பாவிடம் பேசினார். எடுத்த எடுப்பில் எதையும் கொட்டவில்லை. "உங்களுக்கு என்ன வந்திருக்குன்னு நீங்க நினைக்கிறீங்க?" என்று முதலில் கேட்டார். "எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்க?" என்று அப்புறம் கேட்டார். "எல்லாத்தையும் சொல்லுங்கம்மா, வண்டி எங்க போகுதுன்னு தெரியாம டிக்கெட் கிழிக்க முடியாது" என்றார் அப்பா. சொன்னார்கள். புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டு அவர் மயங்கி விழவில்லை. அவர் கேட்ட முதல் கேள்வி, "ஒட்டாதுல்ல?" வீட்டுக்கு வந்து, தூங்கிக்கொண்டிருந்த பேரன் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டார். நாலாவது ஸ்டேஜ் என்பதை வைத்து அப்புறம் அவர் அடித்த ஜோக்குகளை எழுதினால் தனிக் கட்டுரை ஆகும். கண்டக்டருக்கு ஸ்டேஜ் என்றால் வேறு அர்த்தம்.

மறைக்கிற குடும்பங்களை நான் திட்ட மாட்டேன், நானே செய்தவள். ஆனால் பெயர் தெரியாதவரிடம் எந்த அறிகுறியைக் கவனிக்கச் சொல்வது, எதற்குப் போன் பண்ணச் சொல்வது? அப்பாவுக்கு எல்லாம் தெரிந்த பிறகுதான் அந்தக் காலண்டர் தாள் அவருடையதும் ஆனது.

சொல்லிக்கொடுப்பதைப் பற்றியும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். அதுவரைக்கும் எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் ஆங்கிலத்தில் அச்சடித்த காகிதமும் 1-0-1 என்ற கிறுக்கலும்தான். சிஸ்டர் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "புரிஞ்சுதா?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அம்மா தலையாட்டியிருப்பார். "நான் சரியாச் சொன்னேனான்னு பார்க்கணும்மா. வீட்டுக்குப் போய் உங்க மகன்கிட்ட இதை எப்படிச் சொல்வீங்க, இப்ப சொல்லுங்க" என்றார். அம்மா சொன்னதில் பாதி தப்பு. நேரத்துக்குப் போட வேண்டிய வலி மாத்திரையை, வலி தாங்காதபோது மட்டும் போடுவது என்று புரிந்து வைத்திருந்தார். சிஸ்டர் முகம் சுளிக்கவில்லை. "நான்தான் சரியாச் சொல்லலை" என்று மறுபடி ஆரம்பித்தார். ஒரு நாளைக்கு இரண்டு விஷயத்துக்கு மேல் சொல்லவும் இல்லை. வீட்டில் நாங்கள் ஒரு அட்டையில் சூரியன், நிலா படம் வரைந்து அந்தந்த மாத்திரையின் காலி அட்டையை வெட்டி ஒட்டினோம். அதற்குப் பிறகு ஒரு வேளைகூடத் தப்பவில்லை.

பீரோக் கதவில் தம்பி ஒரு தாளை ஒட்டினான். 'காத்திருக்கக் கூடாதவை' என்று தலைப்பு. இருமும்போது ரத்தம். திடீரென்று மூச்சு முட்டுவது, முக்கியமாக ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால். முகமும் கழுத்தும் உப்பிப் போய் கழுத்து நரம்பு புடைப்பது. காலையில் எழுந்ததும் தலைவலியும் வாந்தியும், புதிதாகக் குழறல், வலிப்பு, பேச்சில் தடுமாற்றம். கூடவே, முதுகுவலியோடு காலில் மரமரப்போ பலவீனமோ, சிறுநீர் மலம் போவதில் சிக்கலோ வந்தால். கடைசி வரியைச் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

2023 பொங்கல் முடிந்த வாரம். கம்பியில் இருந்த தாள்களில் முதுகு நாலணா, நாலணா, ஆறணா, எட்டணா என்று ஏறியிருந்தது. அப்பா வாயுப் பிடிப்பு என்றார். பொங்கலுக்குக் கரும்புக் கட்டைத் தூக்கியதால் வந்தது என்றார். அம்மாவும் தைலம் தேய்த்தார். எட்டணா வந்த அன்றைக்கே போன் பண்ணியிருக்க வேண்டும், பண்டிகைச் சோம்பலில் விட்டுவிட்டோம். மறுநாள் ராத்திரி அப்பா வாசலிலிருந்து உள்ளே வந்தார். அம்மா கேட்டார், "ஏங்க, ஒத்தச் செருப்போட உள்ள வர்றீங்க, இன்னொன்னு எங்க?" அப்பா குனிந்து பார்த்தார். வலது செருப்பு வாசல்படியிலேயே கிடந்தது. கழன்றது அவருக்குத் தெரியவில்லை.

அம்மா பீரோக் கதவைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எனக்குப் போன் செய்தார். மணி ஒன்பது. நான் அந்த ராத்திரி நம்பரைக் கூப்பிட்டு, "முதுகுவலி நாலு நாளில் எட்டணா ஏறி இப்ப பன்னிரண்டணா, படுத்தா கூடுது, செருப்பு கழன்றது தெரியலை" என்றேன். காலையில் வாருங்கள் என்று சொல்லவில்லை. நீட்டிப் படுக்க வைத்து இப்போதே கூட்டி வாருங்கள் என்றார்கள். ராத்திரியே எம்ஆர்ஐ. நடுமுதுகில் ஒரு எலும்பில் நோய் இறங்கி, தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தது. உடனே வீக்கத்தைக் குறைக்க டெக்ஸாமெதசோன் ஊசி, மறுநாளிலிருந்து ஐந்து நாள் கதிர்வீச்சு. தண்டுவட அழுத்தத்தில் மணிக்கணக்குதான் முக்கியமாம். சிகிச்சை தொடங்கும்போது நடக்கிறவர் பிறகும் நடக்க வாய்ப்பு அதிகம். கால் விழுந்த பிறகு வந்தால் பெரும்பாலும் திரும்பாது. அப்பா ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு நடந்துதான் வீட்டுக்கு வந்தார்.

நியூயார்க்கில் ஈதன் பாஷ் என்ற டாக்டரின் குழு, பரவிய புற்றுநோய் உள்ள 766 பேரிடம் இதே மாதிரி ஒரு ஏற்பாட்டைச் செய்து பார்த்திருக்கிறது என்று டாக்டரம்மா ஒரு நாள் சொன்னார். அறிகுறிகளை நோயாளிகளே கணினியில் பதிவார்கள், ஏதாவது மோசமானால் நர்ஸுக்குத் தகவல் போகும். அப்படிப் பதிந்தவர்கள் இடைநிலைக் கணக்கில் 31.2 மாதமும், வழக்கமான முறையில் இருந்தவர்கள் 26 மாதமும் இருந்ததாக 2017இல் வெளியிட்டார்கள். மருந்து ஒன்றும் புதிதில்லை, கேட்டதும் கேட்டதற்குச் செவி கொடுத்ததும்தான். எங்கள் வீட்டில் கணினி காலண்டர் தாள், நர்ஸுக்குத் தகவல் அம்மாவின் நோக்கியா.

முதுகெலும்பில் நோய் இறங்கியதோடு ஜெஃபிட்டினிப் மாத்திரை வேலை செய்வதை நிறுத்திவிட்டது. கீமோ தொடங்கியது. அதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை, ஒன்றைத் தவிர. வீட்டில் தெர்மாமீட்டர் இருக்க வேண்டும். கீமோ நாள்களில் 100.4 டிகிரி தொட்டால் காய்ச்சல் மாத்திரை போட்டுத் தூங்க வைக்கக் கூடாது. வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் அது அவசரம். மாத்திரை காய்ச்சலைத்தான் மறைக்கும், கிருமியை அல்ல. ஒரு தடவை விடியற்காலை மூன்று மணிக்கு ஓடினோம். போனது சரிதான் என்றார்கள்.

மூச்சு விஷயத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். மே மாதம் ஒரு ராத்திரி அப்பா மூச்சு முட்டுகிறது என்று எழுந்து உட்கார்ந்தார். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் இருந்தது. விரலில் மாட்டினேன், 95. "ஒண்ணும் இல்லப்பா, 95 இருக்கு, படுங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை! காசு கொடுத்த பயணியிடம் டிக்கெட் எங்கே என்று கேட்ட மாதிரி இருந்தது. ஆக்சிஜன் அளவு வேறு, மூச்சுத் திணறல் என்கிற உணர்வு வேறு. அளவு சரியாக இருந்தாலும் திணறல் பன்னிரண்டணாவாக இருக்கலாம், அதைச் சொல்ல வேண்டியவர் அவர்தான். ஆக்சிஜன் குறையாதவருக்கு சிலிண்டர் வைத்தாலும் பெரிய பலன் இல்லை என்று அப்புறம் சொன்னார்கள். அன்றைக்கே அடுத்த ஊர் வரை போய் சிலிண்டருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்திருந்தான் தம்பி.

அந்தத் தடவை நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. ஊசி போட்டு வடித்ததும் பாதி சுமை இறங்கியது. மீதிக்குச் சொல்லிக்கொடுத்தவை எல்லாம் எளிமையானவை. மேஜைமேல் தலையணை போட்டு, முன்னால் சாய்ந்து முழங்கையை ஊன்றிக்கொள்வது. மூக்கால் இழுத்து, அடுப்பு ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்து மெதுவாக விடுவது. முகத்தில், மூக்கும் கன்னமும் இருக்கிற இடத்தில் காற்று படும்படி விசிறுவது. கடைசியாகச் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் முகத்தில் படும் குளிர்ந்த காற்று திணறல் உணர்வைக் குறைக்கிறது என்று சோதித்தே பார்த்திருக்கிறார்கள். சின்ன பேட்டரி விசிறி அப்பாவுக்குப் பிடிக்கவில்லை, அதன் சத்தம் எரிச்சலூட்டியது. அம்மா பரணிலிருந்து பனையோலை விசிறியை எடுத்தார். ஓரத்தில் சிவப்புத் துணி வைத்துத் தைத்தது. பேரன் வந்து விசிறினால் அணா இன்னும் குறையும்.

மார்ஃபின் மாத்திரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதுகுவலிக்கு எழுதிக்கொடுத்தபோதே அம்மா அதை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். கடைசியாகக் கொடுக்கிற மருந்து, கொடுத்தால் பழக்கமாகிவிடும், மூச்சு நின்றுவிடும் என்று தெருவில் ஆளுக்கொன்று சொன்னார்கள். இது எளிதாகக் கிடைக்கட்டும் என்று 2014இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்திய பிறகும் இந்த மாத்திரையை வைத்திருக்கும் இடங்கள் குறைவு. கிடைக்கிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தும் நாங்கள் அதை அரிசிக்குப் பின்னால் வைத்திருந்தோம்! சிஸ்டர் அம்மாவிடம் பொறுமையாகச் சொன்னார். அளந்து தொடங்கி, வலிக்கு ஏற்பக் கூட்டுவது வேறு, போதைக்கு எடுப்பது வேறு. முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், அப்புறம் போய்விடும். மலச்சிக்கல் மட்டும் போகாது, அதனால் முதல் நாளிலிருந்தே அதற்கான மாத்திரையும் சேர்த்துத்தான் போட வேண்டும். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, அலாரம் வைத்து. மூச்சுத் திணறலுக்கும் அதையே சின்ன அளவில் தந்தார்கள். ஒரு வாரத்தில் வலி பன்னிரண்டணாவிலிருந்து நாலணாவுக்கு வந்தது. அப்பா பேப்பர் படித்தார், கடைக்குப் போனார். மலச்சிக்கல் மாத்திரையை இரண்டு நாள் விட்டதற்கு என்ன பாடுபட்டோம் என்பதை இங்கே எழுத அவர் சம்மதிக்க மாட்டார்.

ஜூலைக்குப் பிறகு மதுரைக்குப் போகவில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே நர்ஸ் வந்து பார்த்தார். அதற்கு நாங்கள் முன்பே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து வைத்திருக்க வேண்டும். கேட்கவே தோன்றவில்லை. அப்பாவால் அணா சொல்ல முடியாத நாள்கள் வந்தன. அப்போது நெற்றி சுருங்குகிறதா, திரும்பிப் படுக்கும்போது முனகுகிறாரா, கை போர்வையை இறுக்குகிறதா என்று பார்த்து அம்மாவே எழுதினார். தாளில் 'வ' பக்கத்தில் எண் இல்லாமல் ஒரு நெற்றிக்கோடு மட்டும் வரைந்திருப்பார். ஆகஸ்டில், வீட்டில், விடியற்காலையில் போனார். முந்தின நாள் தாளில் கோடு இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அடுத்த வாரம், மிச்சமிருந்த மார்ஃபின் மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்க நானும் அம்மாவும் மதுரைக்குப் போனோம். அதை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, குப்பையிலும் போடக் கூடாது, வாங்கிய இடத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். அம்மா முந்தானை முடிச்சிலிருந்து அட்டைகளை எடுத்து மேஜையில் பரப்பினார். சாப்பிட்டது இத்தனை, மிச்சம் இருபத்து மூன்று என்று கம்பியில் இருந்த தாள்களைப் புரட்டிக் கணக்குச் சொன்னார். மருந்தகத்தில் இருந்தவர் எண்ணி, பதிவேட்டில் எழுதி, கையெழுத்து வாங்கினார். ராத்திரி டிப்போவில் கலெக்‌ஷனைக் கட்டிவிட்டு அப்பா கேட்கிற மாதிரியே அம்மா கேட்டார்:

"கணக்கு சரியா இருக்காய்யா? இன்னொரு தடவை எண்ணிப் பாத்துக்கோங்க."